நாற்காலி கிடைக்கும்வரை அம்மா

எல்கடுவ மலையில் ஒருத்திக்குப் பிரசவ வலி முறுக்கினால் வண்டி உக்குவளைப் பக்கமாக இறங்கிப் பெரும்பாலும் மாத்தளை ஆஸ்பத்திரியில்தான் போய் நிற்கும். தோட்டத்து டிஸ்பென்சரி கைவிரித்த கேஸ்களுக்கு அதுதான் கதி. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் போன எத்தனையோ பெண்கள் அங்கே கத்திப் பெற்றிருக்கிறார்கள். 2012 நவம்பர் கடைசியில் அந்த ஆஸ்பத்திரி வளவில் உயிரி எரிவாயுத் தொட்டி ஒன்றுக்காக மண்ணைத் தோண்டினார்கள். மண்டையோடு வந்தது. கிண்டக் கிண்ட வந்துகொண்டே இருந்தது. அடுத்த வருட முற்பகுதியில் தோண்டுவதை நிறுத்தும்போது கணக்கு 150 பேரைத் தாண்டியிருந்தது. பிள்ளை பெறப் போகிற வளவிலேயே, யாரோ பெற்ற பிள்ளைகளை வரிசை வரிசையாக அடுக்கி மண் போட்டிருந்திருக்கிறார்கள்.

அரசு பதறியிருக்கும் என்று நினைப்பவர் இலங்கைக்குப் புதியவர். அரசுக்குத் திடீரென்று வரலாற்று ஆர்வம் பிறந்தது. 1940களில் அம்மை பரவியதாமே, அதில் செத்தவர்களாக இருக்கலாம் என்றார்கள். மண்சரிவாக இருக்கலாம் என்றும் ஒரு பேச்சு. சட்ட வைத்திய அதிகாரி எலும்புகளைப் பார்த்துவிட்டுச் சித்திரவதைத் தடயம் இருக்கிறது, தலை துண்டிக்கப்பட்ட உடல்கள் இருக்கின்றன என்றார். தலையை வெட்டி எடுக்கும் அம்மையை மாரியம்மன்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டாள். பேராசிரியர் ராஜ் சோமதேவ குழியின் மண்ணையும் அதில் கிடந்த பொருட்களையும் ஆராய்ந்து, 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம் என்று நீதிமன்றத்துக்குச் சொன்னார்.

அந்த வருடங்கள் என்ன வருடங்கள் என்று மாத்தளை மாவட்டத்தில் எவருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி. இரவில் வாகனம் வந்து வீட்டு வாசலில் நின்றால் உள்ளே இருக்கிற பையன் காலையில் இருக்க மாட்டான். ரோட்டோரத்தில் டயர் எரியும். பக்கத்தில் போய்ப் பார்க்கிற தைரியம் யாருக்கும் வராது. 1989 மே தொடங்கி 1990 ஜனவரி வரை இந்த மாவட்டத்துக்கு இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கேர்ணல் கோட்டாபய ராஜபக்ஷ. குழி வெளிப்பட்டபோது அவர் பாதுகாப்புச் செயலாளர். பொலிஸ் திணைக்களமும் அப்போது அந்த அமைச்சின் கீழ்தான். அண்ணன் மஹிந்த ஜனாதிபதி. குற்றம் எதுவும் எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை என்பதைச் சொல்லிவிடத்தான் வேண்டும். நிரூபிக்க எவரும் மெனக்கெடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். மத்திய மாகாணத்தில் பழைய பொலிஸ் பதிவேடுகளை அழிக்கும்படி உத்தரவு போனதாக ஒரு குற்றச்சாட்டும் உண்டு. பதிவேடு இல்லாத இடத்தில் குற்றச்சாட்டு மட்டும்தானே மிஞ்சும்.

2013இல் அண்ணன் ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு போட்டார். எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்குப் பறந்தன. 1950க்கு முந்தியவை என்று முடிவு வந்தது. ஆணைக்குழுவும் அதையே ஏற்றுக்கொண்டது. முடிந்தது கதை. அதே நாட்களில் ஜெனீவாவில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் ஏகாதிபத்தியச் சதி. அமெரிக்கத் தூதுவர் வாயைத் திறந்தால் சதி. அமெரிக்க ஆய்வுகூடத்தின் கடிதம் மட்டும் வேதவாக்கு. நம் ஊர் அதிகாரியும் நம் ஊர்ப் பேராசிரியரும் குழிக்குள் இறங்கி மண்ணில் முட்டி தேய்த்துச் சொன்னது செல்லாது.

கிலோ குறைந்தால் நாளெல்லாம் மலையேறினவளுக்கும் கங்காணி அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் போடுவான். நம் ஆணைக்குழுக்களும் அந்த வேலையைத்தான் செய்து வந்திருக்கின்றன. தாய் வருகிறாள், சத்தியக்கடதாசி கொடுக்கிறாள், படம் கொடுக்கிறாள், எந்த நிற வாகனம் வந்தது என்று பத்தாவது தடவையாகச் சொல்கிறாள். கடைசியில் அவள் கணக்கில் அரைப்பேர். மாத்தளையில் அந்த அரைக்கும் வழியில்லாமல் போனது. பிள்ளை காணாமல் போனதே 1989இல், எலும்பு 1950க்கு முந்தியது என்றால், அவள் பிள்ளை பிறக்குமுன்னேயே செத்துவிட்டான் என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதை எழுதும்போது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. அது சிங்களப் பையன்களின் எலும்பு, நமக்கென்ன என்பார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஜே.வி.பி. தன் ஆட்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம். அந்தப் பாடத்தில் தோட்டத் தொழிலாளியும் விஸ்தரிப்புவாதத்தின் ஒரு கையாள். 77இலும் 83இலும் லயத்துக்கு நெருப்பு வைக்க வந்தவர்கள் யார் என்பதும் மறந்துபோகவில்லை. அதெல்லாம் சரி. ஆனால் வாசலில் நிறுத்திய வாகனத்துக்கும், ஒப்பம் இல்லாத கைதுக்கும், தற்காலிகம் என்று 1979இல் பிறந்து நாற்பது வருடம் தாண்டியும் சாகாத பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் ருசி காட்டியவர்கள் யார்? வடக்கில் பழகிய கையைத்தான் ஆட்சியாளர்கள் தெற்கில் நீட்டினார்கள். தெற்கில் கணக்குக் கேட்பார் இல்லாமல் போனதும் மறுபடி வடக்கே கொண்டு போனார்கள். நமக்கென்ன என்று சொல்ல அந்தக் குழி இடம் வைக்கவில்லை.

தாய்மார் முதலில் தெருவுக்கு வந்தது யாழ்ப்பாணத்தில். 1984இல் நூற்றுக்கணக்கான இளைஞர்களை இராணுவம் அள்ளிக்கொண்டு போனபோது, அன்னையர் முன்னணி என்று திரண்டு கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். இராணுவத்தை எதிர்த்துப் போன தாயை இயக்கங்களுக்கும் பிடித்திருந்தது, அவள் இயக்கத்திடம் கேள்வி கேட்காத வரைக்கும். மட்டக்களப்பில் அன்னை பூபதி இந்தியப் படைக்கு எதிராக மாமாங்கப் பிள்ளையார் கோயிலில் உண்ணாவிரதம் இருந்து 1988 ஏப்ரல் 19இல் உயிரை விட்டார். பிறகு அவர் படத்துக்கு மாலை போட வந்தவர்களில் எத்தனை பேர் மற்றத் தாய்மாரின் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு கணக்கு எடுக்கலாம். அதற்கும் ஓர் ஆணைக்குழு போடலாம்.

தெற்கில் நடந்ததுதான் ரசமான கதை. 1990 ஜூலையில் மாத்தறையில் தெற்கின் அன்னையர் முன்னணி உருவானது. தோள் கொடுத்தவர்கள் இரண்டு இளம் எதிர்க்கட்சி எம்.பி.க்கள். ஒருவர் மங்கள சமரவீர, மற்றவர் மஹிந்த ராஜபக்ஷ. ஆமாம், அதே மஹிந்த. 1990 செப்டம்பர் 11ஆம் திகதி அவர் ஜெனீவாவுக்குப் புறப்பட்டுக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனபோது பொலிஸ் மறித்தது. பெட்டியில் காணாமற்போனோர் பற்றிய 533 ஆவணங்களும் பக்கம் பக்கமாகப் படங்களும் இருந்தன. அள்ளிக்கொண்டார்கள். நாட்டைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்றது அன்றைய ஆளுங்கட்சி. உலகத்திடம் முறையிடுவது என் கடமை என்றார் அவர். அந்த 533 ஆவணங்களில் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தாய் இருந்தாள். கிராம சேவகரிடம் கெஞ்சி, போட்டோ ஸ்டூடியோவில் பழைய படத்துக்குப் பிரதி எடுத்து, எம்.பி. ஐயா வெளிநாட்டுக்குக் கொண்டு போகிறார் என்று நம்பிக் கொடுத்திருப்பாள்.

அந்த நாளில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ரஞ்சன் விஜேரத்ன. பெருந்தோட்டத் துறையும் அவர் கையில்தான். தோட்டத்துரையாக இருந்து அரசியலுக்கு வந்தவர். எல்கடுவக் கொழுந்துக்கும் தெற்கத்திப் பையன்களின் உயிருக்கும் ஒரே மந்திரி. தாய்மார் ஆர்ப்பாட்டம் செய்வது தாய்மாருக்கு அழகில்லை, பிள்ளை என்ன செய்கிறான் என்று கவனித்து வளர்த்திருக்க வேண்டும், அதை விட்டுவிட்டு இப்போது அழுகிறார்கள் என்ற பொருள்பட அவர் பேசினார். பிள்ளையைச் சுட்டுக் கொளுத்தியவன் தாயின் வளர்ப்பைக் குறை சொல்லும் அழகை அன்று நாட்டின் பத்திரிகைகள் மரியாதையாக அச்சிட்டன. வீட்டில் திருடிவிட்டு, பூட்டு சரியில்லை என்று வீட்டுக்காரிக்குப் புத்தி சொல்லும் திருடனுக்குக்கூட இவ்வளவு தைரியம் வராது.

முன்னணிக்குத் தலைவியாக இருந்தவர் டொக்டர் மனோராணி சரவணமுத்து, ஒரு தமிழ்ப் பெண். 1990 பெப்ரவரியில் அவருடைய மகன், பத்திரிகையாளர் ரிச்சட் டி சொய்சாவை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் கொன்று கடலில் போட்டார்கள். கடல் திருப்பிக் கொடுத்துவிட்டது. கூட வந்த பொலிஸ் அதிகாரி இவர்தான் என்று தொலைக்காட்சியில் பார்த்துத் தாய் அடையாளம் சொன்னார். கொலை மிரட்டல் வந்தது, வழக்கு நகரவில்லை. 2001இல் தாய் போய்ச் சேர்ந்தார். பின்னர் குற்றம் சாட்டப்பட்ட பொலிஸ்காரர் மூவரும் 2005இல் விடுதலையானார்கள். மகனின் உடலாவது கிடைத்ததே என்று அந்த அம்மா தன்னை அதிர்ஷ்டசாலிகளில் சேர்த்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அதிர்ஷ்டத்தின் அளவுகோல் இந்த நாட்டில் அப்படி.

சட்டம் கைவிட்டதும் தாய்மார் முறைப்பாட்டை மேலிடத்துக்கு மாற்றினார்கள். 1992 ஜூன் 23, ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்த நாள். கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் வெள்ளைச் சேலை கட்டிய சிங்களத் தாய்மார் கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தேங்காய் அடித்தார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள், பெயர் சொல்லிச் சபித்தார்கள். ஒரு வருடம் முடியுமுன் 1993 மே தினத்தில் பிரேமதாச குண்டுவெடிப்பில் செத்தார். மனோராணி அடையாளம் காட்டிய அதிகாரியும் அதே வெடிப்பில் போனார். காளிக்குப் படிவம் வேண்டாம், மூன்று பிரதி வேண்டாம், அடுத்த புதன்கிழமை வா என்று சொல்வதற்கு ஒரு கிளார்க்கும் அங்கே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்திருக்கிறேன். குண்டைக் கட்டியவர்கள் புலிகள், பெயர் வாங்கியவள் காளி. அந்தக் குண்டாக அனுப்பப்பட்டவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான் என்பது நினைவுக்கு வரும்போது சிரிப்பு தொண்டையில் நிற்கிறது.

1994இல் ஆட்சி மாறியது. தாய்மாரின் கண்ணீரில் மிதந்து வந்த கப்பல் கரை சேர்ந்தது. ஜனாதிபதியான சந்திரிகா ஆணைக்குழுக்கள் போட்டார். மனௌரி முத்தெட்டுவேகம போன்றவர்கள் உண்மையாகவே உழைத்தார்கள். ஆயிரக்கணக்கில் சாட்சியம் பதிவானது. அறிக்கைகள் அலுமாரிக்குப் போயின. அன்னையர் முன்னணி என்ற பெயரை அதன்பின் மேடையில் உச்சரிக்க யாருக்கும் அவசியம் வரவில்லை. ஏணியைக் கூரைமேல் இழுத்து வைத்துக்கொண்டு யாராவது கூட்டம் போடுவார்களா?

மஹிந்தவின் கதை இன்னும் சொச்சம் இருக்கிறது. 2005இல் ஜனாதிபதியானார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பட்டியல் அவர் காலத்தில் வடக்கு கிழக்கில் எப்படி வளர்ந்தது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 533 ஆவணங்களைச் சுமந்து பழகியவர். இம்முறை அதே பெட்டியோடு ஜெனீவாவுக்குப் போனவர்கள் துரோகிகள். திரும்பி வந்தால் கை காலை முறிப்பேன் என்று 2012 மார்ச்சில் அவருடைய அமைச்சர் ஒருவர் பகிரங்கமாக முழங்கினார். பத்து வருடம் கழித்து, 2022 மார்ச் 20. மஹிந்த அப்போது பிரதமர். யாழ்ப்பாணம் மட்டுவிலுக்குத் திறப்பு விழாவுக்கு வருகிறார். பிள்ளைகளின் படத்தைக் கையில் பிடித்த தாய்மார் அவரைக் காணப் புறப்பட்டார்கள். பொலிஸ் பஸ்ஸை மறித்தது, இழுபறிப்பட்டது, அறுபது எழுபது வயதுப் பெண்களைத் தள்ளியது. அன்னையர் முன்னணியின் ஸ்தாபகர் சில கிலோமீட்டர் தூரத்தில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு காலத்தில் அந்தப் படங்களைக் கையில் பிடித்தவர் என்று அங்கே நின்ற இளம் பொலிஸ்காரனுக்குத் தெரிந்திருக்காது. அவன் பிறப்பதற்கு முந்திய கதை.

மற்றவர்களையும் விட்டுவைக்கக் கூடாது. 2016 தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போன பிரதமர் ரணில், காணாமற்போனோர் பெரும்பாலும் உயிரோடு இருக்க மாட்டார்கள் என்றார். பொங்கல் பரிசு. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார் உட்கார்ந்தார்கள். அதே மாதத்தில் வவுனியாவிலும். ஜூனில் ஜனாதிபதி மைத்திரி அவர்களைச் சந்தித்து, சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிடச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அது எந்த அலுமாரியில் என்று அந்த அலுமாரிக்கே தெரியாது. 2020 ஜனவரியில் கோட்டாபய ஐ.நா. அதிகாரியிடம், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் கொடுப்போம் என்றார். எப்படி இறந்தார்கள் என்று ஒருத்தி கேட்டால் சான்றிதழில் அதற்குக் கட்டம் இல்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதிலுக்குக் காத்திருந்தே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களுக்கு மட்டும் மரணச் சான்றிதழ் தாமதமில்லாமல் கிடைத்தது.

பிறகு விலை நிர்ணயம். 2022இல் முதலில் ஒரு லட்சம் ரூபாய் என்றார்கள். தாய்மார் காறித் துப்பியதும் இரண்டு லட்சம் ஆக்கினார்கள். அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் நாட்கூலி 1,000 ரூபாய். ஆக, ஒரு பிள்ளை 200 முழுப்பேர். மழை பெய்யாமல், கங்காணி அரைப்பேர் போடாமல் இருந்தால் ஏழெட்டு மாதத்தில் ஒரு கொழுந்துக்காரி தன் கையாலேயே சம்பாதித்துவிடுகிற காசு. இதை வாங்கிக்கொண்டு எழுந்து போ என்றார்கள். அவர்கள் எழும்பவில்லை என்பதற்காகக் கொழும்புப் பத்திரிகைகள் சில, இவர்களை யார் இயக்குகிறார்கள் என்று துப்பறிந்தன. ஆர்ஜென்டினாவில் 1977இல் மே சதுக்கத்தில் தாய்மார் வட்டமாக நடக்கத் தொடங்கியபோது இராணுவ ஆட்சி அவர்களைப் பைத்தியக்காரிகள் என்றது. எட்டு வருடத்தில் அந்தத் தளபதிகள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். நம்முடையவர்கள் ஆர்ஜென்டினாவிலிருந்து அந்த முதல் பாதியை மட்டும் படித்துக்கொண்டார்கள்.

சந்தியா எக்னெலிகொட 2022 ஜனவரி 24இல் அதே முகத்துவாரம் காளி முன்னால் தலையை மழித்துக்கொண்டார். கணவர் பிரகீத் காணாமல் ஆக்கப்பட்டுப் பன்னிரண்டு வருடம். அந்த ஜூலையில் கோட்டாபய விமானம் ஏறி ஓடினார். காளி கட்சிக்காரர்கள் மறுபடி தலை நிமிர்ந்தார்கள். எனக்கோ, ஓடினவர் சில வாரத்தில் திரும்பி வந்து அரச பாதுகாப்போடு உட்கார்ந்ததுதான் தெரிகிறது. காளியின் தீர்ப்பிலும் மேன்முறையீடு உண்டு போல.

இப்போது ஆட்சியில் இருப்பது யார்? அந்தக் குழியில் கிடப்பவர்கள் தோழர்கள் என்று சொன்ன ஜே.வி.பி. 2012இல் மாத்தளைக் குழிக்கு நீதி வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள். வருடா வருடம் நவம்பரில் வீரர் தினம் கொண்டாடி, செத்தவர்களின் பெயரில் சத்தியம் செய்பவர்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பிறந்ததே இந்த மாவட்டத்துக் கலேவெலையில். பாராளுமன்றத்தில் 159 ஆசனம். தடுப்பதற்கு எதிர்க்கட்சி என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. கட்சி உங்களது, குழி உங்களது, பொலிஸ் உங்களது, நாற்காலியும் உங்களது. இனி யாரிடம் போய் நீதி கேட்கப் போகிறீர்கள் தோழர்? உங்கள் துப்பாக்கியால் செத்தவர்களுக்கும் தாய்மார் உண்டு. கடையை மூடாதவன், வேலைநிறுத்தத்துக்கு வராதவன், வேறு தொழிற்சங்கத்தில் இருந்தவன் என்று நீங்கள் கணக்குத் தீர்த்தவர்கள். அந்தத் தாய்மாரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அதனால்தான் மண்வெட்டியைத் தூக்கக் கை கூசுகிறதோ என்னவோ.

ஒரு புதிய ஆணைக்குழு நிச்சயம் வரும். 1989இல் இருபது வயது மகனைப் பறிகொடுத்தவள் இன்றைக்கு எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். அவளையும் பஸ் ஏற்றி, சத்தியக்கடதாசி எழுத வைத்து, எந்த நிற வாகனம் என்று கேட்பார்கள். எலும்புகளை மறுபடி புளோரிடாவுக்கு அனுப்புகிற யோசனை இருந்தால், செலவோடு செலவாக அந்தக் கிழவியின் பல்லில் ஒன்றையும் பிடுங்கி அதே பொட்டலத்தில் வையுங்கள். 1950க்கு முந்தியது என்று முடிவு வரும். அந்த ஒரு தடவை மட்டும் ஆய்வுகூடம் சரியாகச் சொல்லியிருக்கும்.